தரம் 9 செயற்றிட்டம்: மண்பானையும் எட்டுக் கோப்பைத் தேநீரும்

கேள்வி இது. கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 9க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தவணைதோறும் செயற்றிட்டம் கொடுக்கிறார். திரும்பி வருவது பிரிஸ்டல் போட்டில் ஒட்டிய படங்களும், இணையத்திலிருந்து அச்செடுத்த பந்திகளும், ரெஜிபோம் எரிமலையும்தான். வகுப்பில் 40 பேர், ஆய்வுகூடத்தில் சாமான் குறைவு. பிள்ளைகளை உண்மையாகவே ஆராய வைப்பது எப்படி என்று கேட்கிறார்.

குறை பெரும்பாலும் தலைப்பில்தான் இருக்கிறது. "நீர் மாசடைதல்", "சூரிய குடும்பம்", "டெங்கு" என்று கொடுத்தால் பிள்ளை தகவல் திரட்டும், திரட்டியதை ஒட்டும். அந்தத் தலைப்பு அதற்கு மேல் எதையும் கேட்கவில்லையே. தலைப்புக்குப் பதிலாகப் பொய்த்துப்போகக்கூடிய ஒரு கூற்றைக் கொடுங்கள். "மண்பானையில் வைத்த தண்ணீர் குளிரும்" என்பது அப்படியொன்று. எத்தனை பாகை குளிரும், கொழும்பிலும் அப்படியா என்று கேட்டதும் பிள்ளை வெப்பமானியைத் தேடியாக வேண்டும். ஒட்டுவதற்குப் படம் கிடைக்காது.

முதல் வாரம் முழுவதையும் கேள்விக்கே கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் 10 கேள்வி எழுதட்டும். முதல் நாலைந்து பாடப்புத்தகத்திலிருந்து வரும். ஏழாவது, எட்டாவதில்தான் வீடும் வீதியும் தலைகாட்டும்: லிஃப்டுக்குள் போனால் போனில் சிக்னல் ஏன் போகிறது, மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது. பிறகு மூன்று அரிதட்டில் அரியுங்கள். அளக்க முடியுமா? "இல்லை" என்ற விடை வருவதற்கு இடமிருக்கிறதா? இரண்டு வாரத்தில், வீட்டுக்குப் பாரமில்லாத செலவில் முடியுமா? "நீர் மாசடைதல்" இந்த மூன்றையும் தாண்டி வரும்போது "வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணீர் மழைக்கு மறுநாள் கூடுதலாகக் கலங்குகிறதா?" என்று மாறியிருக்கும். அதற்கு ஒரு கண்ணாடி அளவுச்சாடி போதும். அடியில் கறுப்புப் புள்ளடி கீறிய வெள்ளைக் கடதாசியை வைத்து, மேலிருந்து பார்த்தபடி தண்ணீரை ஊற்றி, புள்ளடி மறையும் உயரத்தைச் சென்ரிமீற்றரில் குறித்தால் கலங்கலுக்கு ஓர் எண் கிடைத்துவிடும்.

முதல் தடவை எல்லாக் குழுவுக்கும் ஒரே ஆய்வைக் கொடுப்பது நல்லது. 40 பேரை நால்வர் நால்வராகப் பிரித்தால் 10 குழு. ஒரே கேள்விக்கு 10 விடை வரும்போது, விடைகள் ஏன் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்பதே பெரிய பாடமாகிவிடும். மண்பானைக் கூற்று இதற்கு மிகவும் பொருத்தம். எல்லாரும் நம்பும் கூற்று, அளந்து பார்த்தவர்கள் குறைவு.

ஒரு குழுவுக்கு ஒரே அளவிலும் ஒரே வகை மண்ணிலும் செய்த, மெருகு பூசாத, 2 லீற்றர் கொள்ளும் இரண்டு பானைகள் வேண்டும். கூடவே சிறிய டின் எனாமல் பெயின்ற், இரண்டு அற்ககோல் வெப்பமானி, இரண்டு மூடி, சில செங்கற்கள். 5 கிலோ வரை நிறுத்து 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வகுப்புக்கு ஒன்று போதும். ஒரு பானையின் வெளிப்புறம் முழுவதும் இரண்டு பூச்சு பெயின்ற் அடித்து இரண்டு நாள் காயவிட வேண்டும். இது கட்டுப்பாட்டுப் பானை: தண்ணீர் சுவருக்குள் ஊறும், ஆனால் வெளியே ஆவியாகாது. பெயின்ற் அடித்த பின்தான் இரண்டு பானைகளையும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முதலில் ஊறவைத்தால் பெயின்ற் பிடிக்காமல் உரிந்துவிடும். ஊறவைக்காமல் விட்டாலோ சுவர் ஈரமாகும்வரை ஆவியாதல் சரியாகத் தொடங்காது, முதல் நாள் அளவீடு வீணாகும்.

தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்து, ஆய்வு நடக்கும் அறையில் ஒரு இரவு வைத்திருங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்கும். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து பகலில் வரும் தண்ணீர் அறையை விடச் சூடாக இருக்கும். அதைப் பானையில் ஊற்றினால் எந்தப் பாத்திரத்திலும் வெப்பநிலை இறங்கத்தான் செய்யும். பெருமை மண்பானைக்குப் போய்விடும்.

அடுத்தது வெப்பமானி. அளக்கத் தொடங்குமுன் இரண்டையும் ஒரே வாளிக்குள் 5 நிமிடம் வைத்து வாசியுங்கள். பாடசாலை வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று 1 பாகை வித்தியாசம் காட்டுவது சாதாரணம். நீங்கள் தேடும் வேறுபாடே 2, 3 பாகைதான் என்பதால் இந்த 1 பாகை முடிவையே மாற்றிவிடும். வித்தியாசத்தைக் கொப்பியின் முதல் வரியில் எழுதி, பிந்திய அளவீடுகளில் கழிக்க வேண்டும். வாசிக்கும்போது குமிழ் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், கண் திரவமட்டத்துக்கு நேரே இருக்கட்டும்.

பானைகளை நிழலில், ஒரு மீற்றர் இடைவெளியில், செங்கல்மேல் வையுங்கள். தரையில் நேரே வைத்தால் அடிப்பக்கம் ஆவியாகாது. இரண்டுக்கும் மூடி ஒரே மாதிரி. காலை 7.30க்கு 2 லீற்றர் ஊற்றி, பாடசாலை விடும் 1.30 வரை மணிக்கு ஒரு தடவை வாசித்தால் ஏழு அளவீடு. அறை வெப்பநிலையையும் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். மூன்று நாள் செய்து, இரண்டாம் நாள் பானைகளின் இடத்தை மாற்றுங்கள். யன்னலோரப் பானைக்குக் காற்று கூடப் பட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. முழு ஆய்விலும் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். அளக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டில் மூன்று வரி எழுத வேண்டும்: 1.30க்கு இரண்டு பானைகளுக்கும் எத்தனை பாகை வித்தியாசம் இருக்கும். ஏன் அப்படி நினைக்கிறேன். எந்த எண் வந்தால் என் எண்ணம் பிழை என்று ஒத்துக்கொள்வேன். துண்டுகளை உறையிலிட்டு ஒட்டி, மேலே திகதி போட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கூகிளிலோ சட்ஜிபிடியிலோ கேட்க விரும்பும் பிள்ளை கேட்கட்டும். அந்த விடையும் இன்னொரு ஊகமாக அதே உறைக்குள் போகட்டும். இணையத்தைத் தடைசெய்வதை விட இது பயனுள்ளது. அங்கே கிடைத்த எண்ணும் வெப்பமானியின் முன் வந்து நின்றாக வேண்டும் என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். மூன்றாவது வரி கடினமானது, பலர் வெறுமையாக விடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அது இல்லாவிட்டால் எந்த முடிவு வந்தாலும் "நான் சொன்னதுதான் வந்தது" என்று சொல்லிவிடலாம்.

இனி அளக்கும் நாள். நண்பகல் தாண்டியதும் ஒரு குழு இப்படித்தான் வந்து நிற்கும்:

"மிஸ், எங்கட பானை குளிரவேயில்லை. காலமையும் 27, இப்பவும் 27."

"மற்றப் பானை?"

"பெயின்ற் அடிச்சதா? அது 29க்கு ஏறிட்டுது."

"அறை?"

"30."

"அப்ப உங்கட பானை குளிர்ந்ததா, இல்லையா?"

இங்கே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அந்தக் குழு கொப்பியைப் பார்த்தபடி நிற்கட்டும். குளிர்தல் என்றால் காலையில் இருந்ததைவிடக் குறைவது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அறை சூடாகும்போது ஏறாமல் நிற்பதும் குளிர்தல்தான் என்பது கட்டுப்பாட்டுப் பானை பக்கத்தில் இருந்ததால் மட்டுமே தெரிகிறது. கட்டுப்பாடு எதற்கு என்ற வரைவிலக்கணத்தைப் பத்துத் தடவை எழுதினாலும் இவ்வளவு பதியாது.

அடுத்த சிக்கல், உறையில் 10 பாகை என்று எழுதிய பிள்ளைக்கு வெறும் 2 கிடைத்திருப்பது. தன் ஆய்வு பிழைத்துவிட்டது என்று அது நினைக்கும். 2ஐ 8 ஆக்கி எழுதவும் மனம் வரும். உண்மையில் 2 என்பது சரியான எண்ணாக இருக்க எல்லா நியாயமும் உண்டு, அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கவும் முடியும். ஒரு வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரப் பஞ்சுத் துணி கட்டி விசிறுங்கள். சில நிமிடத்தில் அது இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஆவியாதலால் மட்டும் குளிரும் பானை அதற்குக் கீழே போக முடியாது. அறை 30 பாகையாகவும் சாரீரப்பதன் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு அதில் இருக்கிறது என்பது) 75 சதவீதமாகவும் இருந்தால் அந்த எல்லை 26 பாகைக்குச் சற்று மேலே. கடலோரக் கொழும்பில் காற்று இப்படி ஈரமாகவே இருக்கும் நாட்கள்தான் அதிகம். அதே 30 பாகையில் சாரீரப்பதன் 40 சதவீதமானால் எல்லை 20 பாகையை ஒட்டி இறங்கிவிடும். மட்டக்களப்பில் கச்சான் என்னும் உலர்ந்த காற்று வீசும் நாட்களில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று அம்மம்மா சொன்னதும், கொழும்பில் பிள்ளை அளந்த 2 பாகையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இதைச் சோதிக்க ஊர் மாற வேண்டியதில்லை. குளிரூட்டிய கணினி அறைக்குள் காற்று உலர்வாக இருக்கும். அங்கே இரண்டு பானைகளுக்கும் இடையிலான வித்தியாசம் கூடுமா குறையுமா என்று மறுபடி துண்டு எழுதி உறையிலிட்டு அளக்கலாம்.

வேகமாக முன்னேறும் குழுவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2 கிலோ தண்ணீரை 2 பாகை குளிர்விக்க 2 × 4.2 × 2, அதாவது ஏறத்தாழ 17 கிலோயூல் வெப்பம் வெளியேற வேண்டும். 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோயூல் எடுக்கும். ஆகவே 7 கிராம் ஆவியானாலே போதும். ஆனால் தராசு அதைவிடத் தெளிவாகக் கூடுதலான இழப்பைக் காட்டும். மிச்சம் எங்கே போனது? அறையிலிருந்து வெப்பம் பானைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அதையும் ஆவியாதல்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இதை ஒரு பிள்ளை தானாகச் சொன்னால் உயர்தர மாணவருக்கு ஈடாக யோசித்திருக்கிறது என்று கொள்ளலாம். நிறுக்கும்போது ஒரு கவனம்: புதுப் பானை சிலவேளை அடியில் சொட்டும். சொட்டிய தண்ணீர் எடையைக் குறைக்குமே தவிரக் குளிர்விக்காது. அடியில் தட்டு வைத்து, தட்டோடு சேர்த்தே நிறுங்கள்.

கொப்பி விதிகள் சில. பேனையால் மட்டும் எழுத வேண்டும்; பிழைத்தால் ஒரு கோடு, டிப்பெக்ஸ் கூடாது. வாசித்த உடனே, வாசித்த இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டில் போய்ப் "பிரதி" எடுத்த கொப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் புள்ளி இல்லை. எல்லா அளவீடும் ஒரே சீராக 0.5, 0.5 ஆக இறங்கினால் பிள்ளையைக் குற்றம் சாட்டாமல், "எந்த அளவீட்டில் உனக்குச் சந்தேகம் வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையாக அளந்தவரிடம் அதற்கு உடனே பதில் இருக்கும்.

இரண்டாவது செயற்றிட்டத்துக்குத் தேநீரைச் சிபாரிசு செய்வேன். இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர், 1935இல் வெளிவந்த தன் நூலில் விளக்கிய பரிசோதனை இது. கோப்பைக்குள் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. அதை எப்படிச் சோதிப்பது? எட்டுக் கோப்பை, நாலில் பால் முதல், நாலில் தேநீர் முதல். எந்த நாலு பால் முதல் என்று அவர் பிரிக்க வேண்டும். எட்டிலிருந்து நாலைத் தெரிவுசெய்ய 70 வழி இருப்பதால், சும்மா ஊகித்தே எல்லாம் சரியாக வரும் வாய்ப்பு 70இல் 1.

சமன்பாடு தெரியாத தரம் 9 பிள்ளைக்கு இதைத் துண்டுச்சீட்டால் காட்டலாம். எட்டுச் சீட்டில் நாலுக்குப் புள்ளடி போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி நாலை எடுக்கட்டும். 40 பேர் ஐந்து தடவை எடுத்தால் 200 முயற்சி. நாலும் சரியாக வருவது மூன்று தடவை அளவில் இருக்கும். நாலில் குறைந்தது மூன்று சரியாக வரும் வாய்ப்பு 70இல் 17, ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. "நாலில் மூன்று சரியாகச் சொன்னார், அவருக்குத் திறமை இருக்கிறது" என்ற பேச்சு எவ்வளவு பலவீனமானது என்பது சீட்டை எடுத்த கைக்கே தெரிந்துவிடும். ஒரு மருந்து மூன்று பேருக்குச் சுகம் தந்தது என்ற விளம்பரத்தையும் பிறகு அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

செய்முறையில் பிழைக்கும் இடம் கலக்கும் விதம். பால்மாவைக் கரண்டியால் போட்டால் கட்டி நின்று காட்டிக்கொடுக்கும். முதலே திரவப் பாலாகக் கரைத்து வையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு கோப்பைக்கும் 10 மில்லிலீற்றர் பால், 40 மில்லிலீற்றர் தேநீர். இரண்டு யாடியில் மொத்தமாகக் கலந்து ஊற்றினால் ஒரு யாடியில் பால் சற்றுக் கூடியிருக்கலாம். அப்போது அவர் சுவைப்பது ஊற்றிய ஒழுங்கை அல்ல, பாலின் அளவை. ஐந்து நிமிடம் ஆறவிட்டு எல்லாம் ஒரே சூட்டில் கொடுக்க வேண்டும். கலக்கிய பிள்ளை அறைக்குள் வரக் கூடாது. கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைக்கு எது எதுவென்று தெரியக் கூடாது, ஏனென்றால் முகமே சொல்லிவிடும். இலக்கம் கோப்பையின் அடியில் இருக்கட்டும், கொடுக்கும் ஒழுங்கைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள்.

வட்ஸ்அப்பில் சுற்றும் "பிளாஸ்ரிக் அரிசி" வீடியோவும் நல்ல பொருள்தான். அரிசி எரிகிறது, சோற்று உருண்டை துள்ளுகிறது, ஆகவே பிளாஸ்ரிக் என்பார்கள். வகுப்பிடம் கேட்க வேண்டியது ஒன்றே: நம்பிக்கையான கடையில் வாங்கிய அரிசியையும் அதே மாதிரி எரித்தார்களா, துள்ள விட்டார்களா? மாப்பொருளும் எரியும், ஒட்டும் சோறும் துள்ளும். அயடின் கரைசல் ஒரு துளி விட்டால் மாப்பொருள் கருநீலமாகும்.

சில ஆய்வுகளை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நுளம்பு முட்டைப் பொறி வைத்து டெங்கு ஆய்வு செய்ய ஆசைப்படும் குழு வரும். பொறியை ஒரு கிழமைக்கு மேல் மறந்தால் அதுவே நுளம்புப் பண்ணையாகிவிடும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சம்மதமும் மேற்பார்வையும் இல்லாமல் தொடாதீர்கள். கால்வாய்த் தண்ணீரைக் கயிற்றில் கட்டிய வாளியால், கையுறை போட்ட பெரியவர் அள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது.

செலவே இல்லாத ஒன்றும் சொல்கிறேன். "12 மணிக்குச் சூரியன் உச்சியில்" என்ற கூற்றை 1 மீற்றர் தடியால் சோதிக்கலாம். தடி செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கட்டிய கல்லால் பார்த்து, 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியைக் குறியுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியில் கொழும்பில் நிழல் காணாமலே போகும், அதுவும் 12.00க்கு அல்ல, 12.12 அளவில். ஜூன் 21ஐ ஒட்டி மிகக் குறுகிய நிழல் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், அது தெற்கே விழும். டிசம்பர் 21ஐ ஒட்டி ஏறத்தாழ 59 சென்ரிமீற்றர், அது வடக்கே விழும். நிழல் தெற்கே விழும் என்று முன்கூட்டியே துண்டில் எழுதும் பிள்ளையைத் தேடிப் பாருங்கள்.

குழுவில் நாலு பொறுப்பு: அளப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், மறுப்பவர். மறுப்பவரின் வேலை "வேறு என்ன காரணமாக இருக்கலாம்?" என்று நாளுக்கு இரண்டு தடவையாவது கேட்டு, அதைக் கொப்பியில் பதிவது. பொறுப்புகள் தினமும் சுழல வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து அழகான பிள்ளை கடைசிவரை எழுதிக்கொண்டே இருக்கும்.

20 புள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன்: கேள்விக்கும் முன்கூட்டிய ஊகத்துக்கும் 4, கட்டுப்பாட்டோடு கூடிய முறைக்கு 5, திருத்தாத மூலத் தரவுக்கு 5, முடிவுக்கும் அதன் எல்லைக்கும் 6. ஊகம் சரியா பிழையா என்பதற்குப் புள்ளி இல்லை, அலங்காரத்துக்கும் இல்லை. இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவோடும் ஐந்து நிமிடம் பேசுங்கள், உறையை அப்போதுதான் திறக்க வேண்டும். எழுதிய எண்ணையும் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து, இடையில் தன் எண்ணம் எங்கே மாறியது என்று பிள்ளை சொல்லட்டும்.

பெற்றோருக்கு ஒரு சிறு கடிதமும் அனுப்புங்கள். பானை வாங்கித் தரலாம், தராசு இரவல் தரலாம், பெயின்ற் அடிக்கும்போது கூட நிற்கலாம். கொப்பியில் 2 பாகை என்று இருப்பதைக் கண்டு "இது குறைவு, திருத்து" என்று சொல்ல வேண்டாம் என்பதைத் தனி வரியாக, அடிக்கோடிட்டு எழுதுங்கள்.